பட்டா மேல்முறையீடு முடியும்வரை காத்திருக்க வேண்டுமா, இப்போதே உரிமையியல் வழக்குத் தொடரலாமா?

கீழவயல் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். காவிரி டெல்டாவில் ஒரு கிராமத்தில் எங்கள் குடும்ப நிலம் இருக்கிறது. 1974-இல் என் தந்தையார் பதிவு செய்யப்பட்ட கிரயப் பத்திரத்தின் மூலம் 1 ஏக்கர் 12 சென்ட் நன்செய் வாங்கினார். அன்று முதல் இன்றுவரை நாங்கள்தான் பயிரிடுகிறோம். தீர்வை ரசீதுகளும் பெரும்பாலும் கைவசம் இருக்கின்றன. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க் கடனுக்காகச் சிட்டா எடுத்தபோதுதான், யூ.டி.ஆர். (நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த அரசுப் பணி) காலத்தில் எங்கள் நிலம் இரண்டு உட்பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டு, 0.30.00 ஹெக்டேர் மட்டும் தந்தையார் பெயரிலும், மீதி 0.15.50 பக்கத்து நிலக்காரர் பட்டாவிலும் ஏறியிருப்பது தெரிந்தது. சென்ட் கணக்கில் அது 38 சென்ட்.

2023 பிப்ரவரியில், அறுவடை முடிந்து வயல் காய்ந்து கிடந்தபோது, பக்கத்து நிலக்காரர் ஆட்களோடு வந்து எங்கள் வரப்புக்கு உள்ளே ஒரு கருங்கல்லை நட்டார். கல்லைப் பிடுங்கிவிட்டோம். வட்டாட்சியரிடம் பட்டா திருத்த மனுக் கொடுத்தேன். ஒரே ஒரு முறை விசாரணைக்கு அழைத்தார்கள். 2024 மார்ச்சில், "யூ.டி.ஆர். பதிவின்படி எதிர்மனுதாரர் பெயரில் பட்டா உள்ளதால் மனு நிராகரிக்கப்படுகிறது" என்று ஒற்றை வரியில் உத்தரவு வந்தது. வருவாய்க் கோட்டாட்சியரிடம் (ஆர்.டி.ஓ.) மேல்முறையீடு செய்தேன். இன்று 2025 செப்டம்பர். இதுவரை நான்கு வாய்தாக்கள் ஆகிவிட்டன.

ஆர்.டி.ஓ., அதன்பின் டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) என்று எல்லாப் படிகளையும் ஏறி முடித்த பிறகுதான் நீதிமன்றம் போக முடியும் என்று ஊரில் எல்லோரும் சொல்கிறார்கள். இது சரிதானா என்று சட்டம் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பழையபதிவேடு

கீழவயல் அவர்களுக்கு வணக்கம். வருவாய்த் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

உங்கள் குறை முதலில் எந்த வகையைச் சேர்ந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். யூ.டி.ஆர். பணி 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுவதும் நடந்தது. ஏக்கர்-சென்ட் கணக்கை ஹெக்டேருக்கு மாற்றியதும், அனுபவத்தைப் பார்த்து உட்பிரிவு செய்ததும், பட்டாதாரர் பெயர்களைப் புதுப்பித்ததும் ஒரே வீச்சில் நடந்தன. அந்த வேகத்தில் விழுந்த பிழைகள் இன்றும் அலுவலகங்களில் மனுக்களாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பெயர் விடுபட்டிருக்கும். தந்தை பெயர் மாறியிருக்கும். உட்பிரிவு எண் ஒன்றுக்குப் பதில் இரண்டு என்று எழுதப்பட்டிருக்கும். இவற்றில் எந்தத் தரப்பும் உரிமை கொண்டாடவில்லை என்றால் அது எழுத்துப் பிழை. அதை வருவாய் அலுவலர்களே திருத்த முடியும், திருத்தவும் வேண்டும்.

ஆகவே யூ.டி.ஆருக்கு முந்தைய அ-பதிவேட்டையும் (கிராம நிலங்களின் அடிப்படைப் பதிவேடு), யூ.டி.ஆர். அ-பதிவேட்டையும் நகல் எடுத்து அருகருகே வைத்துப் பாருங்கள். பழைய பதிவேட்டில் முழுப் பரப்பும் உங்கள் தந்தையார் பெயரிலோ, அவருக்கு விற்றவர் பெயரிலோ இருந்து, இடையில் எந்தப் பத்திரமும் எந்த உத்தரவும் இல்லாமல் 0.15.50 மட்டும் அடுத்தவருக்குப் போயிருந்தால் உங்கள் மேல்முறையீட்டுக்கு நல்ல வலு உண்டு. மேல்முறையீட்டைக் கைவிட வேண்டாம் என்பதே என் கருத்து.

நான்காம்படி

நானும் படிப்படியாகத்தான் போக வேண்டும் என்று சொல்வேன். என் தாயாரின் தானப் பத்திரத்தைச் சார்பதிவாளர் பதிவு செய்ய மறுத்தபோது, நேராக உயர் நீதிமன்றத்தில் நீதிப்பேராணை (ரிட்) மனுத் தாக்கல் செய்தோம். பதிவுச் சட்டத்தின் 72-ஆம் பிரிவின்படி மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு இருக்கிறது, முதலில் அங்கே போங்கள் என்று சொல்லி மனுவை முடித்துவிட்டார்கள். அதற்குள் எட்டு மாதங்கள் போயிருந்தன. 72-ஆம் பிரிவுக்கு உரிய 30 நாள் கெடுவும் தாண்டிவிட்டது. எனவே கீழே உள்ள பரிகாரத்தை முடிக்காமல் மேலே போகாதீர்கள்.

கச்சேரிவாசல்

முன்சீப் நீதிமன்றத்திலும் சார்பு நீதிமன்றத்திலும் நில வழக்குகளை நடத்தி வருபவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன், ஏனென்றால் மேலே சொல்லப்பட்டவை ஒவ்வொன்றும் தனித்தனியே சரியாக இருந்தாலும், அவற்றைச் சேர்த்துப் படிப்பவர் கீழவயல் அவர்களுக்குக் கெடுதலான முடிவுக்கு வந்துவிடக்கூடும்.

"மாற்றுப் பரிகாரத்தை முடித்துவிட்டு வா" என்ற விதி எங்கே முழு வலுவோடு நிற்கிறது? அரசமைப்பின் 226-ஆம் கூறின்கீழ் உயர் நீதிமன்றத்துக்குப் போகும்போது நிற்கிறது. அங்கேயும் அது நீதிமன்றம் தானாக விதித்துக்கொண்ட கட்டுப்பாடுதான். 1998-இல் வேர்ல்பூல் வழக்கில் உச்ச நீதிமன்றம் விதிவிலக்குகளைத் தெளிவாகச் சொன்னது: அடிப்படை உரிமை மீறப்பட்டால், இயற்கை நீதி மறுக்கப்பட்டால், அதிகாரமே இல்லாதவர் உத்தரவு போட்டிருந்தால், அல்லது சட்டத்தின் செல்லுந்தன்மையே கேள்விக்குள்ளானால், மேல்முறையீடு இருந்தாலும் நீதிப்பேராணை மனுவை ஏற்கலாம். நான்காம்படி அவர்களுடைய வழக்கு இந்த விதிவிலக்குகளில் எதிலும் விழவில்லை. பதிவு மறுப்பு விஷயத்தில் சட்டமே படிகளைக் கட்டி வைத்திருக்கிறது: சார்பதிவாளர் மறுத்தால் 72 அல்லது 73-ஆம் பிரிவின்கீழ் பதிவாளரிடம் போக வேண்டும்; அவரும் மறுத்தால் 77-ஆம் பிரிவின்கீழ் 30 நாளுக்குள் உரிமையியல் வழக்கு. அந்தப் படியைத் தாண்டிக் குதிக்க முடியாது.

பட்டாவின் கதை வேறு. 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு மேல்முறையீட்டையும், 13-ஆம் பிரிவு சீராய்வையும் தருகின்றன. 14-ஆம் பிரிவு, இந்தச் சட்டத்தின்கீழ் செய்யப்பட்ட பதிவு குறித்து அரசின்மீதோ அலுவலர்மீதோ வழக்குப் போடக் கூடாது என்று தடுக்கிறது. பலர் இந்த வரியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே பிரிவின் வரம்புரையை, அதாவது விதிவிலக்கு சொல்லும் பகுதியை, படியுங்கள். தன் உடைமையில் உள்ள ஓர் உரிமை பட்டா பாஸ் புத்தகப் பதிவால் பாதிக்கப்பட்டதாகக் கருதுபவர், ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-ஆம் அத்தியாயத்தின்படி விளம்புகை (உரிமை தன்னுடையது என்ற நீதிமன்ற அறிவிப்பு) கோரி வழக்குத் தொடரலாம் என்றும், அந்தத் தீர்ப்புக்கு ஏற்பப் பதிவு திருத்தப்பட வேண்டும் என்றும் அங்கே எழுதியிருக்கிறது. மேல்முறையீட்டை முடித்த பிறகுதான் வழக்கு என்று அந்த வரம்புரையில் ஒரு சொல்கூட இல்லை.

காரணம் எளிது. பட்டா என்பது யாரிடம் தீர்வை வசூலிப்பது என்பதற்கான பதிவு. அது உரிமையை உண்டாக்காது, உரிமையை அழிக்கவும் செய்யாது. 1996-இல் சாவர்ணி வழக்கிலும் அதன்பின் பல தீர்ப்புகளிலும் உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லியிருக்கிறது. நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு 2011-இல் விஷ்வாஸ் ஃபுட்வேர் வழக்கில், உரிமை குறித்துத் தகராறு இருந்தால் வருவாய் அலுவலர்கள் அதை முடிவு செய்யக் கூடாது, தரப்பினரை உரிமையியல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்று 1987-ஆம் ஆண்டு பட்டா பாஸ் புத்தக விதிகளின் 4(4)-ஐ எடுத்துக்காட்டிச் சொன்னது. அப்படியானால் கோட்டாட்சியர் உங்களுக்குச் சாதகமாகவே உத்தரவிட்டாலும், "உரிமைத் தகராறு இருக்கும்போது இவர் எப்படி முடிவு செய்தார்?" என்று எதிர்த்தரப்பு உயர் நீதிமன்றம் போகும். அங்கே இருவரையும் முன்சீப் கோர்ட்டுக்குப் போகச் சொல்வதற்கே வாய்ப்பு அதிகம்.

என்னைக் கவலைப்பட வைப்பது உங்கள் பதிவில் உள்ள ஒரு தேதி: 2023 பிப்ரவரி. காலவரையறைச் சட்டத்தின் 58-ஆம் இனத்தின்படி விளம்புகை வழக்குக்கு மூன்று ஆண்டுகள்தான் காலம். வழக்குத் தொடரும் உரிமை முதன்முதலில் எழும் நாளிலிருந்து அது ஓடத் தொடங்குகிறது. பட்டாவில் தவறான பெயர் இருப்பது மட்டுமே அந்த நாளைத் தொடக்கிவிடாது, உரிமைக்குத் தெளிவான அச்சுறுத்தல் வந்த நாளே கணக்கு என்று 2010-இல் தயா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எனவே 1985-இலேயே காலம் முடிந்துவிட்டது என்று எதிர்த்தரப்பு சொன்னால் பதில் சொல்லலாம். கல் நட்ட நாளுக்கு அப்படிப் பதில் சொல்ல முடியாது.

நன்செய்

கச்சேரிவாசல் ஐயா சொல்வது முழுக்க உண்மை என்று நான் என் அனுபவத்தில் சொல்ல முடியும், அதனால்தான் இந்த இழையில் எழுதுகிறேன்.

எங்களுக்கும் இதே போல் பட்டாத் தகராறுதான். ஆர்.டி.ஓ. எங்களுக்கு எதிராகவும், டி.ஆர்.ஓ. எங்களுக்குச் சாதகமாகவும் உத்தரவு போட்டார்கள். டி.ஆர்.ஓ. உத்தரவு கிடைத்த அன்று என் பெரியப்பா கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்துவிட்டு வந்தார். அடுத்த தரப்பு உயர் நீதிமன்றத்துக்குப் போனது. இரண்டு ஆண்டுகள் கழித்து, உரிமையை உரிமையியல் நீதிமன்றத்தில் நிலைநாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லி டி.ஆர்.ஓ. உத்தரவை ரத்து செய்தார்கள். அதன் பிறகு விளம்புகையும் உறுத்துக்கட்டளையும் (குறுக்கிடாமல் தடுக்கும் நீதிமன்ற உத்தரவு) கேட்டு வழக்குப் போட்டோம். எதிர்வழக்குரையின் முதல் பத்தியே காலவரையறைதான். நாங்கள் முதல் மனுவில், "எதிர்மனுதாரர் எங்கள் நிலத்துக்குச் சொந்தம் கொண்டாடித் தகராறு செய்கிறார்" என்று எழுதியிருந்தோம். அந்த மனுவின் தேதிக்கும் வழக்குத் தாக்கல் தேதிக்கும் இடையே ஆறு ஆண்டுகள். எங்கள் கையெழுத்து உள்ள மனுவையே எங்களுக்கு எதிரான சான்றாவணமாகக் குறியீடு செய்தார்கள். கீழ் நீதிமன்றத்தில் தோற்றோம், மேல்முறையீடு நடக்கிறது. நிலம் இன்னும் எங்கள் உழவில்தான் இருக்கிறது, ஆனால் பெரியப்பா இப்போது இல்லை.

வருவாய் அலுவலகத்தில் நாங்கள் ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடவில்லை என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

கீழவயல்

நன்செய் அவர்களே, படிக்கும்போது மனம் கனத்துவிட்டது. கல் நட்ட மறுநாளே நான் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து மனு ரசீது வாங்கியிருக்கிறேன். தேதி 14.02.2023. இதுவரை அதை என் பக்கத்து ஆதாரம் என்று பத்திரமாக வைத்திருந்தேன்.

மூன்று கேள்விகள். மேல்முறையீட்டில் செலவான காலத்தைக் கழித்துக்கொள்ள முடியாதா? கல் நட்ட பிறகும் அவர் இரண்டு முறை வந்து தகராறு செய்தார். கடைசித் தகராறு 2025 ஜூனில். அந்த நாளிலிருந்து கணக்கிட முடியாதா? எதிர்த்தரப்பின் வாரிசுகள் அந்த 38 சென்ட்டையும் சேர்த்து ஒரு செட்டில்மென்ட் பத்திரம் (குடும்பத்தாருக்குள் சொத்தை எழுதிக்கொடுப்பது) பதிந்திருக்கிறார்கள். அதை மாவட்டப் பதிவாளரே ரத்து செய்வார் என்று ஆவண எழுத்தர் ஒருவர் சொல்கிறார். அது சரியா?

கச்சேரிவாசல்

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். 2022 ஆகஸ்டு முதல் நடைமுறைக்கு வந்த, பதிவுச் சட்டத்தின் 77-அ பிரிவைத்தான் ஆவண எழுத்தர் சொல்கிறார். போலி ஆவணங்களைப் பதிவாளரே ரத்து செய்யும் அதிகாரம் அதில் தரப்பட்டிருந்தது. 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்று தீர்ப்பளித்துவிட்டது. அந்தக் கதவைத் தட்டி மாதங்களை இழக்காதீர்கள். செட்டில்மென்ட் பத்திரம் உங்களைக் கட்டுப்படுத்தாது என்ற பரிகாரத்தையும் வழக்கிலேயே சேர்த்துக் கேளுங்கள்.

அடுத்து, காலத்தைக் கழிப்பது. காலவரையறைச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, அதிகாரவரம்பு இல்லாத நீதிமன்றத்தில் நல்லெண்ணத்தோடு நடத்திய உரிமையியல் நடவடிக்கையின் காலத்தைக் கழிக்கச் சொல்கிறது. கோட்டாட்சியர் நீதிமன்றம் அல்லர். அவரிடம் நீங்கள் கேட்டது பட்டாத் திருத்தம், விளம்புகை அல்ல. அந்தப் பிரிவை நம்பி ஒரு நிலத்தைப் பணயம் வைக்க நான் யாருக்கும் ஆலோசனை சொல்ல மாட்டேன். உறுதியாகக் கழிக்கக் கூடியது ஒன்று உண்டு. அரசையோ அலுவலரையோ பிரதிவாதியாகச் சேர்த்தால் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவின்படி இரண்டு மாத முன்னறிவிப்புக் கொடுக்க வேண்டும். அந்த அறிவிப்புக் காலம் காலவரையறைச் சட்டத்தின் 15(2)-ஆம் பிரிவின்படி கழிக்கப்படும். உடனடிப் பரிகாரம் தேவையானால் 80(2)-இன்கீழ் நீதிமன்ற அனுமதி பெற்று அறிவிப்பு இல்லாமலும் தாக்கல் செய்யலாம்.

ஜூன் மாதத் தகராறைப் பொறுத்தவரை, "முதன்முதலில்" என்ற சொல் 58-ஆம் இனத்தில் வேண்டுமென்றே வைக்கப்பட்டது. 2011-இல் கத்ரி ஹோட்டல்ஸ் வழக்கில், அடுத்தடுத்த மீறல்கள் புதிய காலத்தைத் தராது என்று உச்ச நீதிமன்றம் விளக்கியது. ஆகவே 2026 பிப்ரவரி முதல் வாரத்தையே உங்கள் கடைசி எல்லையாக வைத்துக்கொள்ளுங்கள். காவல் நிலைய மனு ரசீது உங்கள் அனுபவத்துக்கும் சான்று, எதிர்த்தரப்பின் காலக்கணக்குக்கும் சான்று. அதை மறைக்க வேண்டாம். வழக்கு மூலப் பத்தியில் அந்தத் தேதியையே நேராக எழுதி, அதிலிருந்து மூன்று ஆண்டுக்குள் வந்திருக்கிறோம் என்று சொல்வதே கண்ணியமான வழியும் பாதுகாப்பான வழியும்.

வெறும் உறுத்துக்கட்டளை வழக்காகப் போட்டுவிடாதீர்கள். கட்டணம் குறைவு என்று சிலர் அப்படிச் சொல்வார்கள். பட்டா எதிராளி பெயரில் இருக்கும்போது உங்கள் உரிமையின்மேல் நிழல் விழுந்திருக்கிறது. அப்படிப்பட்ட நிலையில் விளம்புகையும் சேர்த்துக் கேட்க வேண்டும் என்று 2008-இல் அனதுல சுதாகர் வழக்கில் சொல்லப்பட்டது.

எல்லைக்கல்

நில அளவைப் பக்கத்திலிருந்து ஒரு சிறு சேர்க்கை. தகராறு எல்லையைப் பற்றியது மட்டும் என்றால் 1923-ஆம் ஆண்டின் நில அளவை மற்றும் எல்லைகள் சட்டத்தில் தனிப் பாதை இருக்கிறது. அங்கே 13-ஆம் பிரிவின் அறிவிக்கைக்குப் பின் மூன்று ஆண்டுக்குள் 14-ஆம் பிரிவின்கீழ் வழக்குப் போட வேண்டும். ஆனால் கீழவயல் அவர்களுடையது எல்லைத் தகராறு போலத் தெரியவில்லை. ஒரு முழு உட்பிரிவே பெயர் மாறியிருக்கிறது. யூ.டி.ஆருக்கு முந்தைய புலப்படத்தின் (நில அளவை வரைபடம்) நகலைக் கேட்டு வாங்குங்கள். 0.15.50-ஐப் பிரிக்கும் அந்தக் கோடு பழைய படத்தில் இருக்கிறதா இல்லையா என்பதைப் பார்த்தாலே நிறையப் புரியும்.

பழையபதிவேடு

கச்சேரிவாசல் அவர்கள் சொன்ன காலவரையறையை நான் என் முதல் பதிவில் கவனிக்கத் தவறியது என் பிழைதான். அலுவலகத்தில் இருந்தவர்களுக்கு அந்தக் கடிகாரம் கண்ணில் படுவதே இல்லை; எங்கள் கோப்பில் வாய்தாத் தேதி மட்டுமே இருக்கும்.

ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வழக்குத் தாக்கல் செய்த பிறகும் ஆர்.டி.ஓ. மேல்முறையீட்டைத் திரும்பப் பெறாதீர்கள். வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு மனுக் கொடுத்து, வழக்கு முடியும்வரை பட்டாவில் எந்த மாற்றமும் செய்ய வேண்டாம் என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்த செட்டில்மென்ட் பத்திரத்தை வைத்து வாரிசுகள் பெயருக்குப் பட்டா மாறிவிடும். பிறகு இன்னும் நான்கு பேரை வழக்கில் சேர்க்க வேண்டி வரும். வட்டாட்சியரையும் மாவட்ட ஆட்சியரையும் பிரதிவாதிகளாகச் சேர்ப்பது நல்லது. தீர்ப்பு நகலோடு போகும்போது, "எங்களுக்கு இந்த வழக்கே தெரியாது" என்று யாரும் சொல்ல முடியாது.

நான்காம்படி

ஒரு சந்தேகம். அப்படியானால் கீழே படிகள் இருந்தும் முடிக்காமல் போனால் வழக்கே தள்ளுபடியாகும் நிலங்கள் என்று எவையும் இல்லையா?

கச்சேரிவாசல்

உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் இந்த இழை வேறொருவரைத் தவறாக வழிநடத்தும். ஒரு சொத்து கோயிலுக்கு உரிய அறக்கட்டளைச் சொத்தா என்ற கேள்வி எழுந்தால், 1959-ஆம் ஆண்டின் இந்து சமய அறநிலையச் சட்டத்தின்கீழ் 63-ஆம் பிரிவில் இணை ஆணையரிடம் தொடங்கி, 69-இல் ஆணையரிடம் மேல்முறையீடு செய்து, அதன் பிறகே 70-ஆம் பிரிவின்கீழ் 90 நாளுக்குள் வழக்குத் தொடர வேண்டும். 108-ஆம் பிரிவு நேரடி வழக்கைத் தடுக்கிறது. வக்ஃபு நிலங்களுக்குத் தனித் தீர்ப்பாயம் இருக்கிறது. சட்டம் வெளிப்படையாகத் தடுத்து, போதுமான பரிகாரத்தையும் தானே தந்திருந்தால் உரிமையியல் நீதிமன்றத்தின் கதவு சாத்தப்படும் என்று 1968-லேயே துலாபாய் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்துவிட்டது. தடை இருக்கிறதா, தரப்பட்ட பரிகாரம் உரிமையை முடிவு செய்யப் போதுமானதா என்ற இரண்டையும் அந்தந்தச் சட்டத்தில்தான் தேட வேண்டும். 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் (ஜமீன்) ஒழிப்புச் சட்டத்தின்கீழ் செட்டில்மென்ட் (நிலவரித் திட்ட) அதிகாரி கொடுத்த முடிவுகூட உரிமையியல் நீதிமன்றத்தைத் தடுக்காது என்று 1985-இல் ராமலிங்க சாமிகள் மடம் வழக்கில் தீர்ப்பு வந்தது. அந்த அதிகாரியின் விசாரணை வருவாய் நோக்கத்துக்கானது என்பதே அடிப்படை.

கீழவயல்

பத்து நாட்கள் கழித்து எழுதுகிறேன். பழைய அ-பதிவேட்டின் நகலும் புலப்படமும் கிடைத்துவிட்டன. எல்லைக்கல் அவர்கள் சொன்னது போலவே, பழைய படத்தில் அந்தக் கோடு இல்லை. முழுப் புலமும் ஒரே பரப்பாக, எங்களுக்கு விற்றவரின் பெயரில் இருக்கிறது. யூ.டி.ஆர். பதிவேட்டில் 0.15.50-க்கு எதிரே குறிப்புக் கலத்தில் எந்த உத்தரவு எண்ணும் எழுதப்படவில்லை. பெயர் மட்டும் இருக்கிறது.

வழக்கறிஞரைப் பார்த்துவிட்டேன். ஆட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் 80-ஆம் பிரிவு அறிவிப்பு நேற்றுப் பதிவுத் தபாலில் போய்விட்டது. அறிவிப்பின் இரண்டு மாதம் முடிந்ததும், டிசம்பர் முதல் வாரத்திலேயே தாக்கல் செய்வதாகச் சொல்லியிருக்கிறார். 14.02.2023 மனு ரசீதை ஆவணப் பட்டியலில் நான்காவதாகச் சேர்த்திருக்கிறோம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் அடுத்த வாய்தா வரும் 16-ஆம் தேதி, அதற்கும் போகிறேன்.

நன்செய்

அஞ்சல் ஒப்புகை அட்டைகள் திரும்பி வந்ததும் அவற்றை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டு, நகல் ஒன்றை வீட்டிலும் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுடையதில் ஒன்று தொலைந்துபோய், அதற்காகவே ஒரு வாய்தா போனது.